துணை மான்யமும் பருவமும்

சட்டசபையில் ஆண்டின் இடையிலும் இறுதியிலும் "துணை மதிப்பீடுகள்" என்ற பெயரில் ஓர் அறிக்கை வைக்கப்படுகிறது. மறுநாள் பத்திரிகைகளில், இத்தனை கோடி ரூபாய்க்குக் கூடுதல் நிதி கோரப்பட்டது என்று ஒரு சிறு செய்தி வெளியாகிறது. நம் சங்க அங்கத்தினர்களில் பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. படிக்கும் சிலரும், "இது சர்க்கார் கணக்கு, நமக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கருதி விட்டுவிடுகிறார்கள். அக்கருத்து சரியன்று என்பது என் துணிபு. உழவருக்கு வேண்டிய விதையும், நெசவாளர் தெருவுக்கு வேண்டிய காய்ச்சல் தடுப்பும், பாம்புக் கடிக்கு வேண்டிய மருந்தும் பல ஆண்டுகளில் இந்தத் துணை மதிப்பீட்டின் வழியாகவே வந்தாக வேண்டியிருக்கிறது. அது வருகிறதா என்பது ஒரு கேள்வி. எப்போது வருகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அரசாங்க ஊழியனாகிய நான் அரசாங்கத்தைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. எக்கட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றாலும் இப்பிரச்சினை இருந்தே வருகிறது. இதைத் தீர்ப்பதில் சங்கங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அங்கத்தினர்கள் உணர வேண்டும்.

துணை மான்யம் என்பது யாது?

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 202ஆம் பிரிவின்படி, மாநில அரசாங்கம் ஒவ்வோர் ஆண்டும் தன் வரவு செலவுத் திட்டத்தைச் சட்டசபையின் முன் வைக்க வேண்டும். செலவுகள் துறைவாரியாக மான்யக் கோரிக்கைகளாகப் பிரிக்கப்பட்டுச் சபையின் ஒப்புதலைப் பெறுகின்றன. தமிழ்நாட்டில் விவசாயம் 5ஆம் எண் கோரிக்கை; கூட்டுறவு 12ஆம் எண்; கைத்தறியும் துணிநூலும் 17ஆம் எண்; மக்கள் நல்வாழ்வு 19ஆம் எண். ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கி மார்ச்சு 31ஆம் தேதி முடியும் ஆண்டுக்கு இந்த அனுமதி செல்லும்.

ஆண்டு நடக்கும்போது, அனுமதித்த தொகை போதவில்லை என்றோ, திட்டத்தில் சேராத புதுச் செலவு நேர்ந்தது என்றோ தெரிந்தால், 205ஆம் பிரிவின்கீழ் அரசாங்கம் மீண்டும் சபையை அணுகிக் கூடுதல் தொகை கேட்கலாம். அதுவே துணை மான்யம். சபை கூடும் வரை காத்திருக்க இயலாத அவசரச் செலவுக்கு, 267ஆம் பிரிவின்படி எதிர்பாராச் செலவு நிதி என ஒன்று உண்டு. அதிலிருந்து முன்பணம் எடுத்துச் செலவு செய்துவிட்டு, பின்னர் துணை மான்யத்தின் மூலம் அந்நிதியை நிரப்பிவிடலாம். சில வேளைகளில், ஓர் இனத்தில் மிச்சமான தொகையையே புதுப் பணிக்கு மாற்றிக்கொள்ளும் பொருட்டு, வெறும் 1,000 ரூபாய் மட்டும் அடையாளமாகக் கோரப்படுவதும் உண்டு. ஆகவே அறிக்கையில் 1,000 ரூபாய் என்று கண்டவுடன் அது அற்பமான செயல் என எண்ணிவிடலாகாது. அதன் பின்னே பெரிய திட்டம் ஒன்று நிற்கக்கூடும்.

ஓர் உதாரணம் கூறுவேன். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி முதலிய மாவட்டங்களில் பெருமழை பெய்து வயல்களும் ஊர்களும் நீரில் மூழ்கின. அதையடுத்த டிசம்பர் மாதத்தில், 2024-25ஆம் ஆண்டுக்கான முதல் துணை மதிப்பீடுகள் சுமார் 3,531 கோடி ரூபாய்க்குச் சட்டசபையில் வைக்கப்பட்டன. அத்தொகை முழுவதும் புயலுக்காகக் கேட்கப்பட்டதன்று. பல துறைகளின் தேவைகளும் அதில் அடங்கும். ஆண்டின் தொடக்கத்தில் போட்ட கணக்கு ஆண்டு முழுவதற்கும் போதாது என்பதும், இடையில் சபை மீண்டும் கூடிப் பணம் அனுமதிப்பது வழக்கமான நடைமுறை என்பதும் இதனால் விளங்கும்.

உடல் நலமும் விளைச்சலும்

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலங்களுக்கு உரிய அதிகாரப் பட்டியலைப் பார்த்தால், பொதுச் சுகாதாரம் 6ஆம் இனமாகவும், விவசாயம் 14ஆம் இனமாகவும், கூட்டுறவுச் சங்கங்கள் 32ஆம் இனமாகவும் இருக்கக் காண்கிறோம். மத்திய அரசாங்கம் பல திட்டங்களில் பங்கு தருகிறது என்பது மெய்யே. எனினும் இம்மூன்றையும் நடத்தும் பொறுப்பு மாநிலத்துடையது. பட்டியலில் மூன்றும் தனித்தனி எண்களில் இருந்தாலும், ஒரு குடும்பத்தின் வாழ்க்கையில் அவை தனித்தனியாக இருப்பதில்லை.

சங்க ஏடுகளைப் பார்வையிடும் வேலையில் இருப்பவருக்கு இது நன்கு தெரியும். நெசவாளர் சங்கம் அங்கத்தினருக்குப் பாவும் ஊடையும் கொடுக்கிறது. அவர் நெய்து தந்த சேலைக்குக் கூலி கொடுக்கிறது. அவர் இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்தால், அவருக்குக் கூலி இல்லை. சங்கத்தின் நூல் முதலும் தறியிலேயே நின்றுவிடுகிறது. ஒரே தெருவில் பத்து வீடுகளில் காய்ச்சல் கண்டால், அந்த மாதத்தில் உற்பத்திக் கணக்கு சரிகிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ தர வேண்டிய சரக்கு தவறுகிறது. சங்கம் வங்கியில் வாங்கிய காசுக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. காய்ச்சல் என்ற சொல் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாது. ஆயினும் நஷ்டக் கணக்கில் அது இருக்கிறது.

உழவர் விஷயமும் இவ்வாறே. நாற்று நடவும் களையெடுப்பும் நீரிலும் சேற்றிலும் நின்று செய்ய வேண்டிய வேலைகள். மழைக் காலத்தில் எலிக் காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் பாம்புக் கடியும் வயலில் வேலை செய்வோரையே முதலில் தாக்குகின்றன. குடும்பத் தலைவர் நோயில் வீழ்ந்தால், பயிர்க் கடன் தவணை தவறுகிறது. தவணை தவறினால், உரிய காலத்தில் செலுத்துவோருக்கு அரசாங்கம் அளிக்கும் வட்டிச் சலுகையும் போய்விடுகிறது. ஆகவே 19ஆம் எண் கோரிக்கையில் விழும் ஓட்டை 5ஆம் எண்ணிலும் 12ஆம் எண்ணிலும் 17ஆம் எண்ணிலும் கசிகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பணம் வேறு, பண்டம் வேறு

துணை மான்யம் பற்றி நான் கூற விரும்பும் முக்கியமான கருத்து இதுதான்: பணத்தை ஒரே நாளில் அனுமதித்துவிடலாம்; ஆனால் அப்பணத்தைக் கொண்டு வாங்க வேண்டிய பண்டம் ஒரே நாளில் உண்டாகாது. விவசாயத்திலும் சுகாதாரத்திலும் இது முற்றிலும் மெய். சாலை போடும் பணியில் மான்யம் மூன்று மாதம் தாமதித்தால் சாலை மூன்று மாதம் தாமதமாகும், அவ்வளவே. விதையோ மருந்தோ பருவம் தவறி வந்தால், அது வந்தும் வராததற்குச் சமானமே.

பாம்புக் கடி மருந்தை எடுத்துக்கொள்வோம். 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. இறந்தோரில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தினர். மழைக் காலத்திலேயே கடிகள் மிகுதி. தமிழ்நாடு அரசாங்கம் 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக் கடியை மருத்துவமனைகள் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக அறிவித்தது. இது வரவேற்கத்தக்க செயல். எந்த ஊரில் எத்தனை கடிகள் என்ற கணக்கு கிடைத்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி மருந்து வைக்க வேண்டும் என்பதை அறியலாம்.

அம்மருந்து எப்படி உண்டாகிறது? நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து, அதைச் சிறு சிறு அளவில் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வளர்ந்த பின், அந்த இரத்தத்தின் தெளிநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கிறார்கள். இதற்குப் பல மாதங்கள் செல்லும். அந்த விஷத்தில் பெரும் பகுதியைத் தருவது எந்த ஸ்தாபனம் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிந்தால் பெருமை கொள்வார்கள். செங்கற்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அது. உழவரின் உயிரைக் காக்கும் மருந்துக்கு மூலப் பொருள் மற்றொரு கூட்டுறவுச் சங்கத்தினரின் உழைப்பிலிருந்து வருகிறது. ஐப்பசியில் கடி மிகுந்தது என்று மார்கழியில் பணம் அனுமதித்தால், அப்பணத்தைக் கண்டு எந்தக் குதிரையின் இரத்தமும் விரைந்து முதிராது. அந்த ஐப்பசிக்கு வேண்டிய மருந்து சித்திரையிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

விதையும் அப்படியே. வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதை, ஆதார விதையிலிருந்து சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு போகம் தேவை. குறுவைக்கு வேண்டிய குறுகிய கால நெல் விதை ஜூன் மாதத்தில் தேவையென்றால், அது முந்தைய போகத்திலேயே விதைப் பண்ணையில் விளைந்திருக்க வேண்டும். ஒரு விவசாயக் கடன் சங்கத்தின் கிடங்கில், நடவு முடிந்த பின் வந்து சேர்ந்த மான்ய விதை மூட்டைகள் அடுக்கியபடியே இருந்ததைக் கண்டேன். மருந்து கலந்த விதையாதலால் அதை அரைத்துச் சோறாக்கவும் இயலாது. கணக்கில் அம்மான்யம் முழுதும் செலவாகிவிட்டது. ஒரு குழி நிலத்துக்கும் அது பயன்படவில்லை.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடையச் சுமார் 7 முதல் 10 நாள் போதும். அதன் முட்டைகளோ நீர் வற்றிய தொட்டியின் சுவரிலும் பல மாதங்கள் உயிரோடு ஒட்டியிருக்கும். மழை வந்து நீர் நிறைந்தவுடன் அவை பொரிகின்றன. ஆகவே வீடு வீடாகச் சென்று தொட்டி, உரல், பழைய டயர், தேங்காய் ஓடு ஆகியவற்றைப் பார்வையிடும் கொசு ஒழிப்புப் பணியாளர்களை மழைக்கு முன்பே அமர்த்த வேண்டும். 2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 20,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. அத்தகைய ஆண்டில், காய்ச்சல் ஊரெங்கும் பரவிய பின் நூறு பேரை அமர்த்துவதைவிட, ஆவணியில் பத்துப் பேரை அமர்த்துவது சிக்கனமும் ஆகும், பயனும் மிகும்.

இரண்டு உதாரணங்கள்

அமெரிக்கப் படைப்புழு என்னும் பூச்சி 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளப் பயிரில் அது பெருஞ்சேதம் விளைத்தது. இந்நாட்டுக்கே புதிய பூச்சியாதலால், வரவு செலவுத் திட்டம் போடும்போது யாரும் அதை எதிர்பார்த்திருக்க முடியாது. 2019ஆம் ஆண்டில், பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. கூடுதல் நிதி ஏற்பாடு எதற்காக இருக்கிறதோ, அதற்கு மிகவும் பொருத்தமான செலவு அது. அடுத்த பருவத்தில், பூச்சி வருமுன்னரே மருந்து தெளிக்கும் முயற்சியை அரசாங்கம் மேற்கொண்டது. முதல் ஆண்டில் நிவாரணம், இரண்டாம் ஆண்டில் தடுப்பு என்ற இந்த வரிசையே நியாயமானது. மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் ஒரு பூச்சியை "எதிர்பாராதது" என்று கூறினால், அதை ஏற்க இயலாது.

இரண்டாவது உதாரணம் காவிரிப் பாசனப் பகுதியின் குறுவைச் சாகுபடித் திட்டம். 2021ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது, அதே மாதத்தில் விதைக்கும் உரத்துக்குமாக 61 கோடி ரூபாய் அளவில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அது சுமார் 76 கோடியாகவும், 2024ஆம் ஆண்டில் சுமார் 78 கோடியே 67 லட்சமாகவும் இருந்தது. 2024ஆம் ஆண்டில் அணையில் நீர் இல்லாமையால் வழக்கமான ஜூன் 12ஆம் தேதி திறக்க முடியவில்லை. ஜூலை இறுதியிலேயே திறந்தார்கள். ஆயினும் குழாய்க் கிணற்று நீரைக் கொண்டு நடுவோருக்காக உதவி ஜூன் மாதத்திலேயே அறிவிக்கப்பட்டது. உழவர் நாற்றங்கால் விடும் மாதமும் அரசாங்கம் ஆணையிடும் மாதமும் ஒன்றாக அமைந்தமையே இத்திட்டத்தின் சிறப்பு. இன்னும் ஒரு மாதம் முன்னரே அறிவித்தால், சங்கங்கள் உரத்தை வரவழைத்து அடுக்க வசதியாக இருக்கும் என்பது மட்டுமே நான் சேர்க்கக்கூடிய யோசனை.

மறுப்புகளும் மறுமொழியும்

"எப்போது வந்தால் என்ன? கூடுதலாக வரும் பணம் நல்லதுதானே?" என்பார் உளர். அன்று. மார்ச்சு 31ஆம் தேதிக்குள் செலவாகாத மான்யம் காலாவதியாகிவிடும். இறுதித் துணை மதிப்பீடுகள் பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோதான் சபைக்கு வருகின்றன. அப்போது கிடைக்கும் தொகையை நான்கைந்து வாரங்களில் செலவிட வேண்டிய நெருக்கடியில், வேண்டிய பண்டத்தை விட்டுக் கிடைக்கும் பண்டத்தை வாங்க நேரிடுகிறது. மாநில நிதியைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தரும் அறிக்கைகளில், துணை மான்யம் பெற்ற சில இனங்களில் முதலில் அனுமதித்த தொகையே முழுதும் செலவாகவில்லை என்ற குறிப்பு மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். ஓரிடத்தில் தேவையின்றிக் கேட்ட பணம் வேறோரிடத்தில் தேவைக்கு மறுக்கப்பட்ட பணமாகும்.

"மழையையும் நோயையும் யார் முன்கூட்டி அறிவார்?" என்பது அடுத்த மறுப்பு. எந்தத் தேதியில் எந்த ஊரில் என்பதை யாரும் அறியார். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை வரும் என்பதும், அதை அடுத்துக் காய்ச்சல் பரவும் என்பதும், கரையோர மாவட்டங்களில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புயல் தாக்கும் என்பதும் நம் பாட்டன்மாருக்கே தெரிந்த செய்தி. 2018ஆம் ஆண்டின் கஜா புயலையும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்தையும் கண்ட பின்னர், இவற்றை முற்றிலும் எதிர்பாராதவை என்று கூறுவது பொருந்தாது. வழக்கமாக வரும் தேவைக்கு மூல வரவு செலவுத் திட்டத்திலேயே இடம் அளிக்க வேண்டும்; அதற்கு மேல் மிஞ்சி வரும் இடருக்கே துணை மான்யம். அதிலும் அவசரமானதற்கு எதிர்பாராச் செலவு நிதி இருக்கிறது. சபை கூடவில்லை என்பது தாமதத்துக்குக் காரணம் ஆகாது.

மூன்றாவது விஷயம் நம் அங்கத்தினர்கள் சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். ஆயினும் கூற வேண்டியது என் கடமை. கூட்டுறவுப் பயிர்க் கடன்களின் தள்ளுபடி 2006ஆம் ஆண்டில் 6,866 கோடி ரூபாய், 2016ஆம் ஆண்டில் 5,780 கோடி ரூபாய், 2021ஆம் ஆண்டில் 12,110 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்டது. வறட்சியிலும் வெள்ளத்திலும் நொந்த குடும்பங்களுக்கு அவை ஆறுதல் அளித்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அத்தொகை பின்வரும் ஆண்டுகளின் மான்யங்களிலிருந்தே சங்கங்களுக்கும் மத்திய வங்கிகளுக்கும் ஈடு செய்யப்பட வேண்டும். அதுவரை அது சங்கத்தின் ஐந்தொகையில் அரசாங்கத்திடமிருந்து வர வேண்டிய பாக்கியாக நிற்கும்.

2021ஆம் ஆண்டின் தள்ளுபடித் தொகையையும் அதே ஆண்டின் குறுவைத் திட்டத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னது முன்னதில் ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு. ஒன்று மாநிலம் முழுவதற்கும் உரியது, மற்றொன்று ஒரு பகுதியின் ஒரு போகத்துக்கு மட்டும் உரியது என்ற வேறுபாட்டை மறந்துவிடலாகாது. எனினும் பயிர் கெட்ட பின் கடனைத் துடைப்பதற்கு எவ்வளவு, பயிர் கெடாமல் காப்பதற்கு எவ்வளவு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நாம் தள்ளுபடியைக் கேட்கும்போது உரத்த குரலிலும், விதையையும் மருந்தையும் கேட்கும்போது மெல்லிய குரலிலும் பேசுகிறோம். எந்த அரசாங்கமும் உரத்த குரலையே முதலில் கேட்கும்.

சங்கங்கள் செய்ய வேண்டியது

தாமதம் முழுவதும் தலைநகரில் உண்டாவதில்லை. முந்தைய மான்யத்துக்குரிய பயன்பாட்டுச் சான்றிதழைச் சங்கம் ஆறு மாதம் அனுப்பாமல் வைத்திருந்தால், அடுத்த தவணை எப்படி வரும்? தள்ளுபடி விற்பனைக்கான மான்யக் கணக்கைப் பட்டியல்களுடன் உரிய தேதியில் தராத நெசவாளர் சங்கம், பணம் வரவில்லை என்று குறைகூற எவ்வாறு இயலும்? ஆகவே பின்வரும் காரியங்களை ஒவ்வொரு சங்கமும் மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

முதலாவது, தேவைப் பட்டியல். ஒவ்வொரு விவசாயக் கடன் சங்கமும் தன் எல்லையில் எத்தனை ஏக்கருக்கு, எந்த ரக விதை, எந்த மாதத்தில் வேண்டும் என்பதை முந்தைய போகத்திலேயே எழுதி அனுப்ப வேண்டும். பொதுவாகச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் துறைகள் அடுத்த ஆண்டின் மதிப்பீட்டையும் நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீட்டையும் தயாரிக்கின்றன. நம் பட்டியல் அதற்கு முன்பே அலுவலகத்தில் இருக்க வேண்டும். பொங்கலுக்குப் பின் அனுப்பும் விண்ணப்பம் கோப்பில் சேரும், மதிப்பீட்டில் சேராது.

இரண்டாவது, நோயால் இழந்த நாட்களின் குறிப்பு. நெசவாளர் சங்கங்கள் ஒரு சிறு ஏடு வைத்து, காய்ச்சலாலும் பிற நோயாலும் எந்தத் தெருவில் எத்தனை தறிகள் எத்தனை நாள் நின்றன என்று மாதந்தோறும் குறிக்கலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கூலிப் பட்டுவாடாப் பதிவேட்டைப் பார்த்தே எழுதிவிடலாம். மூன்று ஆண்டுக் குறிப்பு கையில் இருந்தால், சுகாதார அதிகாரியிடம் சென்று, "எங்கள் தெருக்களுக்குப் புரட்டாசிக்கு முன் ஆட்கள் வேண்டும்" என்று ஆதாரத்துடன் கேட்கலாம்.

மூன்றாவது, கிராம சபை. ஆகஸ்டு 15ஆம் தேதி கூடும் கிராம சபைக்குப் பின் மழைக் காலம் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக் கடி மருந்து எத்தனை குப்பி உள்ளது, அதைச் செலுத்தத் தெரிந்தவர் இரவிலும் இருக்கிறாரா, கொசு ஒழிப்புப் பணிக்கு எத்தனை பேர் என்ற கேள்விகளை அச்சபையில் எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்ய வேண்டும். சங்கத் தலைவர்கள் இதில் முன்நிற்பது பொருத்தமானது.

நான்காவது, துணை மதிப்பீட்டைப் படித்தல். 5, 12, 17, 19 ஆகிய நான்கு எண்களின்கீழ் என்ன கேட்கப்பட்டது என்பதை நிர்வாகக் குழுவில் ஒருவர் படித்துப் பொதுப் பேரவையில் விளக்க வேண்டும். தொகுதி உறுப்பினர் வரும்போது மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: இது முன்பே அறியக்கூடிய செலவா? பண்டம் பருவத்துக்குள் வந்து சேருமா? சென்ற ஆண்டு இதே இனத்தில் அனுமதித்த தொகை செலவாயிற்றா? இக்கேள்விகளை ஆயிரம் சங்கங்கள் கேட்டால், அடுத்த ஆண்டு மதிப்பீடு தயாரிக்கும் மேசையில் அவற்றின் எதிரொலி கேட்கும்.

கூட்டுறவு இயக்கம் கடன் வாங்கவும் திருப்பிச் செலுத்தவும் மட்டும் ஏற்பட்டதன்று. தனி ஒருவராகக் கேட்டால் செவிசாய்க்கப்படாத நியாயத்தைக் கூடிக் கேட்பதற்கும் அது ஏற்பட்டது. வரும் ஆடி மாதம் நடக்கும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில், அடுத்த போகத்துக்கான விதைப் பட்டியலையும் மழைக் காலத்துக்கான மருந்துப் பட்டியலையும் நிகழ்ச்சி நிரலின் முதல் இரண்டு இனங்களாக வைத்துக்கொள்ளுமாறு சங்கத் தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் தயாரானவுடன் அதன் நகல் ஒன்றைத் தத்தம் சரக அலுவலகத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டுப் பெற்றுக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.